கோடோ வருவாரா? காத்திருத்தலும் கடனும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். அங்குள்ள வாசிகசாலையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தைச் சத்தமாக வாசித்தோம். முதல் ஞாயிறு முதல் அங்கம், அடுத்த ஞாயிறு இரண்டாம் அங்கம். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், அவர்களைக் கூட்டிவந்த தாய்மார், தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற ஒரு கணக்கப்பிள்ளை, அப்புறம் மழைக்கு ஒதுங்கிய சிலர். அன்றைக்குக் கேட்ட கேள்விகளும், பிறகு பஸ்ஸிலும் கடையிலும் என்னை மறித்துக் கேட்டவையும் இங்கே இருக்கின்றன. விடைகள் என்னுடையவை. இரண்டு மூன்றை மட்டும் வந்தவர்களிடமிருந்தே களவெடுத்தேன்.

நான் வரவில்லை. கதை என்ன?

ஒரு நாட்டுப்புறப் பாதை. ஒரு மொட்டை மரம். அந்தி நேரம். விளாடிமிர், எஸ்ட்ரகன் என்று இரண்டு பேர் கோடோ என்பவருக்காகக் காத்திருக்கிறார்கள். ஒருவனுக்குச் சப்பாத்து கடிக்கிறது, மற்றவனுக்குத் தொப்பி உறுத்துகிறது. முள்ளங்கி, கரட் தின்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், ராசியாகிறார்கள், தூக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார்கள். நடுவில் பொஸ்ஸோ என்ற கனவான், லக்கி என்ற வேலையாளைக் கழுத்தில் கயிறு கட்டி ஓட்டிக்கொண்டு வருகிறார். கடைசியில் ஒரு பையன் வந்து, இன்று மாலை கோடோ ஐயா வர மாட்டார், நாளைக்குக் கட்டாயம் வருவார் என்று சொல்லிவிட்டுப் போகிறான். இரண்டாம் அங்கத்தில் மறுநாள். மரத்தில் நாலைந்து இலை விட்டிருக்கிறது. பொஸ்ஸோவுக்குக் கண் போய்விட்டது, லக்கிக்குப் பேச்சு போய்விட்டது. திரும்பவும் பையன், திரும்பவும் அதே செய்தி. போவோமா என்கிறான் ஒருவன், சரி போவோம் என்கிறான் மற்றவன். இருவரும் அசையவில்லை. திரை.

ஒன்றுமே நடக்காத நாடகம், அதுவும் இரண்டு தடவை நடக்காத நாடகம் என்று 1956இல் விவியன் மெர்சியர் என்ற விமர்சகர் எழுதினார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

கோடோ என்பது கடவுள்தானே?

தெரிந்திருந்தால் நாடகத்திலேயே சொல்லியிருப்பேன் என்று பெக்கெட்டே கையை விரித்துவிட்டார். பெயருக்குள் ஆங்கிலக் 'கோட்' ஒளிந்திருக்கிறது என்று நோட்ஸ் கொடுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர் இதை முதலில் பிரெஞ்சில் எழுதினார், பிரெஞ்சில் கடவுளுக்குச் சொல் 'தியு'. கோடோ யார் என்ற கேள்வியில் ஒரு மணித்தியாலத்தைச் செலவழிக்கலாம். நாங்கள் செலவழித்தோம். வாசிகசாலைத் தேத்தண்ணிதான் தீர்ந்தது.

அபத்த நாடகம் என்றால் அர்த்தம் கெட்ட நாடகமா?

கோடோ போன்ற நாடகங்களை ஆங்கிலத்தில் 'அப்சர்ட்' என்பார்கள், அதைத் தமிழில் 'அபத்தம்' ஆக்கினார்கள். இந்த மொழிபெயர்ப்பில் எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை. நாங்கள் 'அபத்தமா பேசாதே' என்றால் பிழையாக, உளறலாகப் பேசாதே என்று அர்த்தம். மூலச் சொல்லுக்கு லத்தீனில் சுருதி சேராதது என்று பொருள். பாடகர் ஒரு சுருதியில், ஆர்மோனியம் வேறு சுருதியில். இரண்டும் தனித்தனியே சரி, சேர்ந்தால்தான் காது கூசும். மனிதன் உலகத்திடம் காரணம் கேட்கிறான், உலகம் பதில் சொல்லாமல் இருக்கிறது, இந்தச் சேராமைதான் அபத்தம் என்று அல்பேர் கம்யூ 1942இல் சிசிபஸ் பற்றிய கட்டுரையில் எழுதினார். 'அபத்த அரங்கு' என்ற பெயரை நிலைநிறுத்தியது 1961இல் வந்த மார்ட்டின் எஸ்லினின் நூல். பெக்கெட், இயனெஸ்கோ, அதமோவ் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார்த்தியது அவர்தான். அவர்களாகச் சங்கம் கட்டிச் சந்தா சேர்க்கவில்லை.

அவர்களை யாரும் கட்டிவைக்கவில்லையே, ஏன் எழுந்து போகவில்லை?

இதைக் கேட்டவர் கணக்கப்பிள்ளை. நாடகத்தின் நடு நரம்பில் கைவைத்துவிட்டார்.

இதே கேள்வியை எஸ்ட்ரகனும் கேட்கிறான், நாம் கட்டுப்பட்டவர்களா என்று. கோடோவுக்கா, என்ன பேச்சு இது, இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லும் விளாடிமிர், கொஞ்சம் பொறுத்து, இப்போதைக்கு இல்லை என்று இழுக்கிறான். அதற்குச் சற்று முன்புதான் கோடோவிடம் என்ன கேட்டோம் என்பதை ஞாபகப்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். திட்டமாக ஒன்றுமில்லை, ஒரு மாதிரி வேண்டுதல், ஒரு மங்கலான விண்ணப்பம். அவர் என்ன சொன்னார்? பார்க்கலாம் என்றார். வாக்குக் கொடுக்க முடியாது என்றார். குடும்பத்தாரை, நண்பர்களை, முகவர்களைக் கேட்க வேண்டும், கணக்குப் புத்தகத்தை, வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்றார்.

இந்த இடத்தை வாசித்தபோது வாசிகசாலையே சிரித்தது. 'மேல கேட்டுச் சொல்றேன்னுட்டாரு' என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். தகரம், தண்ணீர்க்குழாய், ஏழு பேர்ச் காணி என்று எதற்காகவாவது மனுக் கொடுத்தவர்களுக்கு இந்தப் பத்தியை விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஒரு வரி வருகிறது, அங்கே சிரிப்பு நின்றது. நமக்கு உரிமைகள் இல்லாமல் போய்விட்டனவா என்று எஸ்ட்ரகன் கேட்க, நாம்தான் அவற்றை உதறிவிட்டோம் என்கிறான் விளாடிமிர்.

சரி, கட்டியிருப்பது எது? தமிழில் இதற்குக் 'கடன்' என்ற நல்ல சொல் இருக்கிறது. கடையில் வாங்கிய கடனும் கடன்தான், செய்தே ஆக வேண்டிய கடமையும் கடன்தான். 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்று புறநானூற்றில் பொன்முடியார் பாடும் தாய் யாரிடமும் கைமாற்று வாங்கியவள் இல்லை. கடமையாக இருந்த சொல் எங்கள் மலைகளில் எப்படிக் காசுக் கணக்காக இறுகியது என்பதற்குத் 'துண்டு' சாட்சி. இளைய பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். தோட்டத்தை விட்டுப் போக விரும்பும் தொழிலாளிக்கு ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். இவருடைய கடன் இவ்வளவு, இதைத் தீர்த்தால் விடுவிக்கிறோம் என்று அதில் எழுதியிருக்கும். அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுக்கும், கடன் ஆளோடு கூடவே போகும். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

துண்டு கொடுமையானது. ஆனால் அதில் ஒரு தொகை இருந்தது. கோடோவிடம் இந்த இருவரும் பட்டிருப்பதோ தொகை எழுதாத துண்டு. எவ்வளவு கொடுத்தால் தீரும், எத்தனை நாள் காத்தால் கணக்கு முடியும் என்று யாரும் எழுதவில்லை, அதனால் தீர்க்கவும் முடியாது. விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எஸ்ட்ரகன் கேட்கும்போது, தண்டிப்பார் என்கிறான் மற்றவன். வந்தால்? காப்பாற்றப்படுவோம். இடையில் எதுவும் கிடையாது.

விளாடிமிருக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. நாம் மகான்கள் இல்லை, ஆனால் சொன்ன இடத்தில் சொன்ன நேரத்துக்கு நிற்கிறோம், எத்தனை பேர் இப்படிச் சொல்ல முடியும் என்று நெஞ்சை நிமிர்த்துகிறான். கோடிக்கணக்கானவர்கள் என்கிறான் எஸ்ட்ரகன், ஊசியால் குத்துகிற மாதிரி. அந்தப் பெருமையை அவன் எப்போது பேசுகிறான் என்று பாருங்கள். கண் தெரியாத பொஸ்ஸோ விழுந்து கிடந்து உதவி, உதவி என்று கத்திக்கொண்டிருக்கிறார். வீண் பேச்சில் நேரம் போக்காமல் ஏதாவது செய்வோம், இந்த இடத்தில் இந்த நேரத்தில் மனித குலம் என்றால் நாம்தான் என்று விளாடிமிர் நீட்டி முழக்குகிறான். கையை மட்டும் நீட்டவில்லை. நூறு பிராங் தருகிறேன், இருநூறு தருகிறேன் என்று பொஸ்ஸோ விலை பேசிய பிறகுதான் கிட்டப் போகிறான், போனவனும் விழுகிறான். வராத ஆளுக்குப் பட்ட கடனை மணி தவறாமல் செலுத்துகிறவன், காலடியில் கிடக்கிறவனுக்குப் பட்ட கடனைத் தள்ளிப்போடுகிறான். நாடகம் கடமையைப் பற்றிச் சொல்வதில் இதைவிடக் கூர்மையான இடம் வேறு இல்லை என்பது என் எண்ணம். மேடையில் இதை வெறும் கோமாளித்தனமாக ஓட்டிவிட்டால் எனக்குக் கோபம் வரும்.

பொஸ்ஸோ துரை, லக்கி தொழிலாளி என்று எடுக்கலாமா?

எடுக்காமல் இருப்பது கஷ்டம். பொஸ்ஸோ வந்தவுடன் இது தன்னுடைய நிலம் என்கிறார், பாதை எல்லோருக்கும் பொது என்பதையும் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொள்கிறார். மடக்கு நாற்காலி, சாப்பாட்டுக் கூடை, மேலங்கி, கனத்த பெட்டி எல்லாம் லக்கி கையில். கோழி இறைச்சியைப் பொஸ்ஸோ தின்றுவிட்டு எலும்பை எறிகிறார், அந்த எலும்பு முறைப்படி லக்கிக்குச் சேர வேண்டியது. நின்றுகொண்டிருக்கும்போதுகூட லக்கி சுமையை ஏன் இறக்கி வைக்கவில்லை? என்னை மயக்கத்தான், நான் அவனை விற்றுவிடாமல் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று பொஸ்ஸோ விளக்கம் சொல்கிறார். இரண்டாம் அங்கத்தில் பெட்டிக்குள் இருப்பது மணல் என்று தெரியவரும்.

ஆனாலும் இதைத் தோட்டக் கதையாகச் சுருக்கினால் இரண்டு விஷயம் தவறிப்போகும். லக்கி அழும்போது கண்ணீரைத் துடைக்கப் போன எஸ்ட்ரகனுக்கு விழுவது உதை. அப்புறம், இரண்டாம் அங்கத்தில் கயிறு குட்டையாகிவிடுகிறது. குருடனான எசமான் அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் நடக்கிறார். யார் யாரைக் கட்டியிருக்கிறார்கள்? 1953 ஜனவரி 5ஆம் திகதி பாரிஸில் பாபிலோன் அரங்கில் முதல் மேடையேற்றம் நடந்தபோது, நெறியாளர் ரொஜே பிளான் பொஸ்ஸோவாகத் தானே நடித்தார். மற்றவர்களை ஆட்டிவைக்கும் வேலையை மேடைக்கு வெளியிலும் உள்ளேயும் ஒரே ஆள் பார்த்திருக்கிறார்.

எங்கள் ஆட்கள் காத்திருந்த கதையும் இதுவும் ஒன்றுதானே?

அநேகமாக எல்லோரும் கேட்டது இது. ஆம் என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கலாம். நான் இல்லை என்றேன்.

முதலில் ஒரு தேதிப் பொருத்தம். பெக்கெட் இந்த நாடகத்தை எழுதத் தொடங்கியது 1948 ஒக்டோபர் 9, முடித்தது 1949 ஜனவரி 29. அந்த இடைவெளிக்குள், 1948 நவம்பர் 15இல், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்களைச் சேர்ந்த எங்கள் தாத்தா பாட்டிமாரை நாடில்லாதவர்களாக்கியது. பாரிஸில் உட்கார்ந்திருந்த அந்த அயர்லாந்துக்காரர் எங்களைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. தேதிகள் பொருந்துவதால் எதுவும் நிரூபணமாகாது. ஆனால் அதை அறிந்த நாளிலிருந்து, பிரதியின் முதல் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

எங்கள் தாத்தாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் இப்படி நாடில்லாமல் போன 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கில் எடுத்தது. 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இங்கே, மிச்சம் ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'பிறகு' என்பது 1974இல் வந்தது, பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர். பாஸ்போட் வந்தது. பெட்டியில் பாட்டியின் கூறைச்சேலை, இரண்டு வெண்கலச் செம்பு, ஒரு முருகன் படம், ஊரில் யாருக்கோ கொடுக்கவென்று ஈயத்தாளில் சுற்றிய தேயிலை. மகளுக்குப் பிரசவம் என்று ஒரு வருஷம், சேமலாபக் காசு கைக்கு வரவில்லை என்று ஒரு வருஷம் என்று பயணம் தள்ளிப்போனது. 1984இல் இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. பெட்டி கட்டிலுக்குக் கீழேயே கிடந்தது. மழைக்காலத்தில் பாட்டி அதைத் திறந்து சேலையை வெயில் காட்டி மடித்து வைப்பார். யாராவது கேட்டால், 'போறப்ப பூஞ்சணம் அடிச்சிருக்கக் கூடாதுல்ல' என்பார். தாத்தா போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு வருஷம் அப்படித்தான் செய்தார்.

இது கோடோ மாதிரி இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் அபத்த நாடகத்தில் காத்திருக்க வைப்பவர் யார் என்று தெரியாது. எங்களைக் காத்திருக்க வைத்தவர்களுக்குப் பெயர் இருந்தது, பதவி இருந்தது, சட்டத்துக்கு இலக்கம் இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கம் பூட்டிய கதவு, பல இடைக்காலத் திருத்தங்களுக்குப் பிறகு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத்தில்தான் திறந்தது. இதை அபத்தம் என்று சொன்னால், பூட்டியவர்கள் எல்லோரும் வானத்தைப் போல ஆளில்லாதவர்களாகி நழுவிவிடுவார்கள். பாட்டி சேலையை மடித்தது வேண்டுமானால் பெக்கெட்டின் உலகம். கடிதம் வராமல் இருந்தது கச்சேரி உலகம், அதாவது அரசாங்கக் கந்தோர் உலகம். இரண்டையும் ஒரே சொல்லால் மூடக் கூடாது.

கணக்கப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. 'ஆள் தெரிஞ்சாலும் தெரியாட்டியும் காத்திருக்கிறவனுக்குக் கால் வலி ஒண்ணுதானே' என்றார். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

நம் மரபில் காத்திருத்தல் இல்லையா? ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டுமா?

தாராளமாக இருக்கிறது. முல்லைத் திணையின் உரிப்பொருளே இருத்தல், அதாவது காத்திருத்தல். கார்காலத்தில் வருவேன் என்று தலைவன் சொல்லிப் போவான், தலைவி ஆற்றியிருப்பாள். குறுந்தொகையின் 66ஆம் பாட்டில் கொன்றை பூத்துவிட்டது, அவன் வரவில்லை. தோழி என்ன செய்கிறாள்? மரத்தை முட்டாள் என்கிறாள். பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்து ஏமாந்து பூத்துவிட்டதாம். சொன்னவன் சொல் பிழைக்காது, மரம்தான் பிழை. பெக்கெட்டின் மரமும் ஓர் இரவில் இலை விடுகிறது. அதை ஒரு செய்தியாக எடுத்துச் சொல்ல அங்கே தோழி இல்லை. என் மாணவர்களுக்கு இந்த இரண்டு மரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஐம்பது பக்க விளக்கம் மிச்சம்.

மலையகத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் அர்ச்சுனன் தபசு இருக்கிறது. சிறுவயதில் நான் பார்த்த ஒரு தபசில், விடியப்போகும் பனியில் அர்ச்சுனன் ஈரம் சொட்டும் கம்பத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாக ஏறினார். கீழே தீப்பந்தம் புகைந்தது. நாங்கள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தோம். உச்சியில் உட்கார்ந்து சிவனுக்காகக் காத்திருந்தார், மேலிருந்து எலுமிச்சம்பழம் விழுந்தது, கீழே பெண்கள் முந்தானை ஏந்தினார்கள். இறங்கியதும் அந்த ஆளுக்குக் கால் நடுங்கியதை நான் பார்த்தேன். அங்கே சிவன் வருவார். வேடனாக மாறுவேடத்தில் வந்து, சண்டை போட்டு, பிறகு பாசுபதம் கொடுப்பார். காமன் கூத்திலும் எரிந்த காமனை மூன்றாம் நாள் எழுப்பிவிடுவோம். கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் கோடோ வராமல் முடிந்ததும் எழும்பிப் போகாமல் உட்கார்ந்தே இருந்ததற்கு அதுதான் காரணம். ஒரு அம்மா என்னிடம் நேராகவே கேட்டார், 'அடுத்த ஞாயித்துக்கிழமை வருவாரா தம்பி?'

படித்தவர்களுக்கே விளங்காதது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளங்குமா?

1957 நவம்பர் 19ஆம் திகதி அமெரிக்காவின் சான் குவென்டின் சிறையில் 1400 கைதிகளுக்கு முன் சான் பிரான்சிஸ்கோ நடிகர் குழு ஒன்று இதை ஆடியது. முந்தின வருஷம் மயாமியில் காசு கொடுத்து வந்த கூட்டம் இடையிலேயே எழுந்து போயிருந்தது. கைதிகள் போகவில்லை. கைதி எங்கே போவான் என்று கேட்கலாம், ஆனால் அவர்கள் கவனித்துக் கேட்டார்கள் என்பதுதான் செய்தி. ரிக் குளுச்சி என்ற ஆயுள் கைதி அதற்குப் பிறகு சிறைக்குள்ளேயே நாடகம் போடத் தொடங்கி, விடுதலையாகி, பெக்கெட்டின் நெறியாள்கையிலேயே நடித்தார். 1993இல் போர் முற்றுகையில் இருந்த பொஸ்னியாவின் சராயேவோ நகரில் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் மெழுகுதிரி வெளிச்சத்தில் முதல் அங்கத்தை மட்டும் மேடையேற்றினார்.

ஆகவே விளங்கும்.

பெண்களே இல்லையே?

இல்லை. இருக்கவும் கூடாது என்று பெக்கெட் பிடிவாதமாக இருந்தார். 1988இல் நெதர்லாந்தில் பெண்கள் நடித்த தயாரிப்புக்கு எதிராக வழக்குக்கே போனார், தோற்றார்.

கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா இதைப் பற்றிச் சொன்னதை அப்படியே தருகிறேன். 'ரெண்டு ஆம்பளைங்க மரத்தடியில சும்மா உக்காந்து காத்திருக்கலாம் சேர். நாங்க காத்திருக்கிற நேரத்துல ரொட்டி சுட்டிருவோம், தண்ணி புடிச்சிருவோம், புள்ளைக்குத் தலை பாத்திருவோம்.' சிரித்துவிட்டுச் சொன்னாலும் அது ஒரு சரியான விமர்சனம். வேலையோடு கலந்த காத்திருத்தலை இந்த நாடகம் அறியாது. அதை அறிந்த பெக்கெட் நாடகம் 1961இன் 'இனிய நாட்கள்'. வின்னி என்ற பெண் இடுப்பு வரை மண்ணில் புதைந்திருக்கிறாள், இரண்டாம் அங்கத்தில் கழுத்து வரை. மணி அடித்ததும் விழித்துப் பல் துலக்கி, கைப்பையிலுள்ளதை எடுத்து ஒழுங்குபடுத்தி, இன்னொரு நல்ல நாள் என்கிறாள். தப்புப் பறைச் சத்தத்துக்கு எழும்பிப் பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போன தலைமுறைக்கு அந்த மணி புரியும். அடுத்து வாசிக்கப்போவது அதைத்தான், அக்காதான் வின்னி.

இதே வழியில் வேறு என்ன வாசிக்கலாம்?

இயனெஸ்கோவின் 'நாற்காலிகள்', 1952. கிழவனும் கிழவியும் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுக்கு நாற்காலி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் பேச்சாளர் வந்தே விடுகிறார், அவர் செவிட்டு ஊமை. ஹரோல்ட் பின்டரின் 'ஊமைப் பணியாள்' நாடகத்தில் இரண்டு கூலிக் கொலைகாரர்கள் நிலவறையில் உத்தரவுக்காகக் காத்திருக்க, மேலேயிருந்து சாப்பாடு கேட்டுச் சீட்டு வருகிறது. கையில் கிடந்த பிஸ்கட்டையும் பாலையும்கூட மேலே அனுப்புகிறார்கள். உத்தரவு வந்தால் காரணம் கேட்காத பழக்கத்தை இவ்வளவு சின்ன இடத்தில் யாரும் காட்டியதில்லை. பெக்கெட்டின் 'ஆட்ட முடிவு', 1957: எசமானை விட்டுப் போகப்போகிறேன் என்று வேலைக்காரன் முழு நாடகமும் சொல்கிறான், கடைசியில் பயண உடுப்போடு வாசலில் நிற்கிறான், போகிறானா என்று தெரியாது. தமிழில் ந. முத்துசாமியின் 'நாற்காலிக்காரர்'.

மேடையேற்ற என்ன வேண்டும்?

முதலில் அனுமதி. பெக்கெட் இறந்தது 1989இல், உரிமை இன்னும் இருக்கிறது. அனுமதி தருபவர்கள் மேடைக் குறிப்பில் கைவைத்தால் விட மாட்டார்கள்.

அடுத்து, மௌனத்துக்குப் பயப்படாத நடிகர்கள். எங்கள் பிள்ளைகள் முதல் நாள் மௌனம் என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் தாண்டி ஓடினார்கள். வெளியே கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் கொழுந்து லொறி நின்று போகும் வரை பேசாதே என்றேன். பிறகு சரிவந்தது.

சப்பாத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஸ்ட்ரகன் பாடுபட்டுச் சப்பாத்தைக் கழற்றி, உள்ளே பார்த்து, கையை விட்டுத் தடவி, கவிழ்த்து உதறி, தரையைத் தேடுகிறான். ஒன்றுமில்லை. இதைப் பற்றித் தத்துவமாக நிறைய எழுதியிருக்கிறார்கள். நாங்கள் மருந்தடிப்பவர் போடும் ரப்பர் பூட்ஸ் ஒன்றை வைத்துச் செய்து பார்த்தோம். பையன் உதறியதும் முன்வரிசைப் பெண்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். இரத்தம் குடிக்கும் அட்டை விழப்போகிறது என்று. விழவில்லை என்றதும் வந்த சிரிப்பு இருக்கிறதே, அதுதான் இந்த நாடகத்தின் சிரிப்பு. ஆங்கிலப் பிரதிக்கு 'துன்ப இன்பியல்' என்று பெக்கெட் துணைத்தலைப்புக் கொடுத்ததற்கு இதைவிட நல்ல விளக்கவுரை எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. பிரெஞ்சுப் பிரதியில் இந்த இருவரும் ஒரு காலத்தில் ரூசியோனில் திராட்சைக் குலை பறித்தவர்கள் என்று வருகிறது. போர்க்காலத்தில் ஜேர்மன் இரகசியப் பொலிஸிடமிருந்து தப்பி 1942இல் பெக்கெட் ஒளிந்திருந்த ஊர் அது, அங்கே பண்ணை வேலையும் செய்தார். ஆகவே விளாடிமிருக்கு வேட்டியா காற்சட்டையா என்று குழம்ப வேண்டாம். வேலை இல்லாமல் போன பறிகாரன் எப்படி நிற்பானோ அப்படி நின்றால் போதும்.

பரீட்சைக்கு வருமா?

தெரியாது. வந்தால் கோடோ கடவுள் என்று மட்டும் எழுதாதே.

பையனிடம் விளாடிமிர் ஏன் 'எங்களைப் பார்த்ததாகச் சொல்' என்கிறான்? வேறு ஒன்றும் சொல்ல இல்லையா?

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். கோடோவிடம் என்ன சொல்லட்டும் என்று பையன் கேட்கும்போது, எப்போது வருவார் என்று கேள், குளிர்கிறது என்று சொல், பசிக்கிறது என்று சொல் எனப் பல விதமாகச் சொல்லியிருக்கலாம். விளாடிமிர் தடுமாறிவிட்டு, எங்களைப் பார்த்தேன் என்று சொல் என்கிறான். பார்த்தாய்தானே என்றும் கேட்டுக்கொள்கிறான். மறுநாளும் பையன் வருகிறான், நேற்று வந்தது நானில்லை என்கிறான். அப்போது விளாடிமிர் ஏறக்குறையக் கெஞ்சுகிறான். என்னைப் பார்த்தாய் என்று நிச்சயமாகத் தெரியுமல்லவா, நாளைக்கு வந்து பார்த்ததே இல்லை என்று சொல்ல மாட்டாயே? பையன் ஓடிவிடுகிறான்.

நான் ஏதோ சாட்சி, இருப்பு என்று பெரிய சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் கணக்கப்பிள்ளை அவளுக்குப் பதில் சொல்லிவிட்டார். 'பேர் போடச் சொல்றான் புள்ள.'

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்றுதான் பெயர். காலையில் பிரட்டில் நின்று, மலை ஏறி, கூடை நிறுத்து, செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அந்த நாள் நடந்ததாகக் கணக்கு. கொழுந்து குறைந்தால் அரைப் பேர். நாள் முழுக்க நின்றவனைக் கணக்கில் காணவில்லை என்றால் நின்றதற்கு என்ன அத்தாட்சி? முப்பது வருஷம் பேர் போட்டவர் அவர். அன்று திரும்பிப் போகும்போது, படியில் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், விடுபட்டுப்போன பேர்கள் சிலது தனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது என்றார். எத்தனை என்று நான் கேட்கவில்லை. மழை விட்டிருந்தது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.